நிற்கிற ரோட்டில் ஒரு பொம்மை வண்டி

விம்கோ நகரில் பீம்ராவ் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவன் தும்மினால் எனக்குக் கேட்கும். அவனைப் போல ஜாக்கிரதையான டிரைவரை நான் பார்த்ததில்லை. அவனைப் போல ஒரு முட்டாளையும் பார்த்ததில்லை. இரண்டு பேரும் ஒரே ஆளுக்குள் எப்படிக் குடியிருந்தார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து, கிளீனராக லாரி ஏறி, திட்டும் அடியும் வாங்கி ஸ்டியரிங்கைப் பிடித்தவன். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் இழுக்கும் டிரெய்லர் ஓட்டினான். குடி கிடையாது. வண்டி ஓட்டும்போது போன் எடுக்க மாட்டான். பொண்டாட்டி கன்னியம்மாவுக்கும் மகள் மகிழினிக்கும் ஓயாமல் ஒன்றையே சொல்வான்: “டிரைவர் மூஞ்சி உனுக்குத் தெர்லன்னா, நீயும் அவனுக்குத் தெர்லன்னு அர்த்தம். அப்டியே நின்னுடு.”

துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் எங்கள் பக்கம் சாலையோரமாக வரிசை கட்டி நிற்கும். உள்ளே இடம் கிடைக்கும் வரை பகல் முழுக்க நிற்கும்; சில சமயம் மறுநாளும் நிற்கும். டிரைவர்கள் வண்டிக்கு அடியில் படுத்துத் தூங்குவார்கள், ஸ்டவ் பற்றவைத்துக் குழம்பு வைப்பார்கள், பனியனைத் துவைத்துப் பக்கக் கண்ணாடியில் காயப் போடுவார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு வீட்டிலிருந்தே சோறு வரும். போகப் போக அது யாருக்கும் ரோடாகவே தோன்றவில்லை. ‘நிக்கிற ரோடு’ என்றுதான் எங்கள் சந்தில் அதற்குப் பெயர்.

மகிழினி நாலாவது முடித்த கோடை லீவில் பீம்ராவ் வண்ணாரப்பேட்டைப் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு குட்டி மோட்டார் சைக்கிள் வாங்கி வந்தான். என் முட்டி உயரம்தான் இருக்கும். பெட்ரோல் ஊற்றி, சாவியைத் திருகி, கயிற்றை இழுத்தால் உறுமிக்கொண்டு கிளம்பும். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, தெருவையே விலைக்கு வாங்கிவிட்ட மாதிரி இருந்தது.

“ஏன்டா, இத்த ரோட்டுல ஓட்டலாமா? போலீஸ் புடிக்காதா?” என்று நான் கேட்டேன்.

“இன்னா மாமு நீ? இதுக்கு நம்பரே கெடியாது. நம்பர் இல்லாத்து எப்டி வண்டியாவும்? இது பொம்ம. கடக்காரனே சொன்னான்.”

நம்பர் வாங்க முடியாத வண்டி என்றால் ரோட்டில் இறக்கவே கூடாத வண்டி. அதை அப்படியே தலைகீழாக விளங்கிக்கொண்டான். ஆனால் அவனுடைய டிரைவர் புத்தி சும்மா இருக்கவில்லை. டிரெய்லர் கேபினில் உட்கார்ந்தால் இடது பக்கம் கீழே நிற்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் குட்டி வண்டியின் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு கம்பியை வெல்டிங் வைத்து, உச்சியில் சிவப்புத் துணி கட்டினான். ஆபத்து தெரிந்து கட்டிய கொடி அது. தெரிந்த பிறகும் சாவியை அவள் கையில் கொடுத்தான்.

அந்த லீவு முழுக்க அப்பனுக்குச் சோறு கொண்டு போனவள் மகிழினிதான். நிற்கிற டிரெய்லர்களை ஒட்டி, தூக்குச் சட்டியை முன்னால் மாட்டிக்கொண்டு, கொடி ஆட ஆடப் போவாள். டிரைவர்கள் கை தட்டுவார்கள். பீம்ராவின் தோஸ்து ஜெபின் என்று ஒரு கன்னியாகுமரிக்காரன், “மருமகளே, மாமனுக்கு சோறு இல்லியா?” என்று கேபினிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்துவான்.

ஒரு மதியம் அவள் சோற்றைக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அசையாத வரிசை அப்போது அசைந்தது. முன்னால் இடைவெளி விட்டால் வேறு வண்டி புகுந்துவிடும். அதனால் ஒருத்தன் நகர்ந்தால் எல்லாரும் பதறிக்கொண்டு நகர்வார்கள். ஜெபினும் முன்னால் போகிற வண்டியையே பார்த்துக்கொண்டு கியரைப் போட்டான். மகிழினி அவன் வண்டியின் இடது முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்தாள். கொடி கண்ணாடியில் தெரிந்திருக்கும், ஜெபின் கண்ணாடியைப் பார்த்திருந்தால்.

அலறல் கேட்டு ஓடிவந்த பீம்ராவின் கையில் பிசைந்த சோறு அப்படியே ஒட்டியிருந்தது. அதே அலறல் கேட்டு ஓடிப்போன நான் என் கண்ணால் பார்த்தேன். பிள்ளை பிழைத்தாள். இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஜெபின் மேல் ஒரு வழக்கு. பீம்ராவ் மேலும் ஒரு வழக்கு என்றதும் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. திருவொற்றியூரில் ஒரு வக்கீலிடம் நானும் கூடப் போனேன்.

“நாப்பத்தொம்பது சிசி இன்ஜின்யா. சட்டத்துக்கு அது மோட்டார் வண்டிதான், பொம்மை இல்ல. பதினெட்டு வயசு ஆகாத பிள்ளை பொது இடத்துல அதை ஓட்டினா, பெத்தவன்தான் குத்தவாளி. மூணு வருஷம் வரைக்கும் உள்ள போகலாம்” என்றார் வக்கீல்.

“அது நிக்கிற ரோடு சார். வண்டியே ஓடாது.”

“ஜனங்க போய் வர்ற எடம் எல்லாம் பொது இடம்தான். வண்டி நின்னுட்டா ரோடு இல்லன்னு ஆயிடுமா?” அவர் சற்று யோசித்தார். “ஒரே ஒரு வழி இருக்கு. உனக்குத் தெரியாம நடந்ததுன்னு காட்டணும். வாசல்ல வெச்சு விளையாடத்தான் வாங்கின. நீ தூங்கும்போது சாவியை எடுத்துட்டு அவளா ரோட்டுக்குப் போயிட்டா. இதைப் பிள்ளை வாயாலயே சொல்லணும். அந்தக் கொடிக்கம்பி யாரு வெச்சது?”

“நாந்தான் சார்.”

“இல்ல. வாங்கும்போதே இருந்துச்சு.”

பீம்ராவ் எழுந்து வெளியே வந்துவிட்டான். கால் போன பிள்ளையைத் திருடி என்று சொல்ல வைப்பதா என்று தெருவென்றும் பாராமல் கத்தினான். ஆனால் வீட்டில் கன்னியம்மா அவன் சட்டையைப் பிடித்தாள். “நீ உள்ள பூட்டா அவளுக்கு யாரு கீறா? கட்டக்காலுக்கு யாரு அலைவா? சொல்லு, யாரு தூக்கினு போவா?” அன்று சாயங்காலமே அம்மாவும் அப்பாவும் மகளை நடுவில் உட்கார வைத்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

விசாரிக்க ஒரு பெண் எஸ்.ஐ. சாதாரணச் சேலையில் வீட்டுக்கே வந்தார். மகிழினி தடுமாறவே இல்லை. அப்பா குறட்டை விட்டதையும், தான் கால் சத்தம் வராமல் நடந்ததையும் யாரும் சொல்லித் தராமலே சேர்த்துச் சொன்னாள். வரிசையில் தினமும் அவளுக்குக் கை தட்டிய டிரைவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஜெபின்கூட நண்பனைக் காட்டிக்கொடுக்கவில்லை. பீம்ராவ் வழக்கிலிருந்து தப்பினான். வயதாகும் முன்னே வண்டி ஓட்டிய குற்றத்துக்காக மகிழினிக்கு இருபத்தைந்து வயதாகும் வரை லைசென்ஸ் கிடையாது என்று வக்கீல் சொன்னார். ஒரு கால் இல்லாத பிள்ளைக்கு அந்தத் தண்டனையைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு பீம்ராவால் டிரெய்லர் ஓட்ட முடியவில்லை. கேபினில் ஏறுவான், இடது கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பான், கியரில் கை வைக்க மாட்டான். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள். இப்போது ஒரு கண்டெய்னர் யார்டில் வாட்ச்மேன். ஜெயிலுக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் மகிழினிக்குச் செயற்கைக் கால் வந்தது. அதைப் பார்க்கப் போயிருந்தேன். பெல்ட்டை மாட்டிவிட்டுக்கொண்டிருந்த பீம்ராவ் திடீரென்று அவள் மடியில் தலையைச் சாய்த்து உடைந்து போனான்.

“நீ எடுக்கலம்மா. நாந்தான் சாவி குடுத்தேன். நாந்தான் கொடி கட்டினேன். உம்மேல ஒரு தப்பும் இல்ல.”

யாராவது கேட்டுவிடுவார்களோ என்று அவள் வாசல் பக்கம் பார்க்கவில்லை, நடிக்கவும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அழுகிற குழந்தையைத் தேற்றுவது போல அவன் தலையைத் தடவினாள்.

“எனுக்காவ பொய் சொல்லாதப்பா. நீ தூங்கிகினு இருந்தே. நாந்தான் எடுத்துகினு பூட்டேன். இனிமே உன்ன கேக்காம எதையும் எடுக்க மாட்டேம்ப்பா.”