குடிக்காதவன் கட்டிய கயிறு

முதலில் தளர்ந்தது வலது கெண்டைக்கால். சாயங்காலம் கம்பெனி விட்டு பஸ்ஸில் வந்து இறங்கி, டீக்கடையைத் தாண்டும்போது கால் என் பேச்சைக் கேட்கவில்லை. வலி இல்லை. மரத்துப் போகவும் இல்லை. ஊன்றிய கால் ஈரத்துணி மாதிரி மடிந்தது, நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கப் பார்த்து மறுபடியும் உட்கார்ந்தேன்.

டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "அண்ணாச்சியும் ஆரம்பிச்சுட்டாகப்பா" என்றார் ஒருவர். இரண்டு பேர் வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, வீட்டில் கொண்டு வந்து விட்டார்கள்.

நான் ஒரு சொட்டுக்கூடக் குடித்தவன் இல்லை. அதை அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் குடி என்று அவர்கள் முடிவு செய்ததும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. இந்தக் கட்டுரையில் நான் கூசிக்கொண்டே எழுதப்போகிறவற்றில் அந்த நிம்மதிதான் முதலாவது.

காரணம் தெரியாமல் கால் தளர்ந்து விழுந்தவர்களும், அவர்களைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அலைகிறவர்களும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். எனக்குக் காரணம் தெரியாமல் இல்லை. அரைகுறையாகத் தெரியும். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

சிவகாசியிலிருந்து நாரணாபுரம் போகும் வழியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தேன். வானத்தில் போய்ப் பச்சையாக விரிகிற வெடிக்குப் பேரியம் நைட்ரேட் வேண்டும். எங்கள் பக்கம் அதைப் பச்சை உப்பு என்போம். பார்க்க வெள்ளையாகத்தான் இருக்கும், எரிந்தால்தான் பச்சை. பட்டாசில் அதைச் சேர்க்கக் கூடாது என்று தடை வந்த பிறகு கம்பெனிக்குள் யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை. ஆனால் பச்சைக்கு ஆர்டர் வந்துகொண்டுதான் இருந்தது. ஆகவே அதைச் சலிக்கிற வேலை மட்டும் கண்மாய்க் கரையோரத்தில் ஒரு தகரக் கொட்டகைக்கு மாறியது. வெளியே தெரியாமல் இருக்கக் கதவைச் சாத்திக்கொண்டு சலிக்க வேண்டும்.

முதலாளி அந்த வேலைக்கு என்னைக் கூப்பிட்டார். "நீங்கன்னா எனக்குப் பயம் இல்ல" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சலிக்கும்போது கொட்டகை முழுக்கத் தூசி நிற்கும். மூக்கையும் வாயையும் சேர்த்துத் துண்டைக் கட்டுவேன். வேர்த்து மூச்சு முட்டியதும் அவிழ்த்துவிடுவேன். கையை வேட்டியில் துடைத்துவிட்டு வடை தின்பேன். சல்லடை கழுவிய தண்ணீரையும் கூட்டி அள்ளிய மிச்சத்தையும் பின்பக்கத்து ஓடையில் கொட்டுவேன். அந்த ஓடை கண்மாயில் போய்ச் சேருகிறது. ஒரு மழை ஓய்ந்த பிறகு பார்த்தால், ஓடையோரம் வெள்ளையாகப் பூத்திருந்தது, அந்த இடத்துக் கோரை கருகிக் கிடந்தது. பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சல்லடையை எடுத்தேன்.

முதல் முறை விழுந்த அன்று என் மனைவி மாரியம்மாள் என் வாயருகே குனிந்து மோந்து பார்த்தாள்.

"நாத்தம் ஒண்ணும் இல்லையே. பொறவு எதுக்கு விளுந்தீக?"

"தெருவுல என்னமும் பேசிட்டுப் போறாக. நீ ஒண்ணும் சொல்லாத."

"குடிகாரன் பொண்டாட்டின்னு பேர் வாங்கச் சொல்லுதீகளா?"

"கொட்டகை விசயம் வெளிய போனா கம்பெனிய மூடிருவாக. இந்தத் தெருவுல எம்புட்டுப் பேரு அங்கன வேலை பாக்காகன்னு நெனச்சுப் பாரு."

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அங்கே அவளுக்கு என்ன பேச்சுக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்தவள் முகத்தைக் கழுவிக்கொண்டு சோறாக்கினாள்.

அதன் பிறகும் இரண்டு தடவை தெருவில் விழுந்தேன். விஷயம் ஆலங்குளத்தில் இருக்கும் மாரியின் அண்ணன் காதுக்குப் போய்விட்டது. எங்கள் பக்கம் குடியை நிறுத்த ஒரு வழக்கம் உண்டு. கருப்பசாமி கோயிலில் பூசாரி கையில் கயிறு கட்டிவிடுவார். கயிறு இருக்கும்வரை தொட மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். மீறினால் சாமி சும்மா விடாது. மச்சான் என்னை அங்கே கூட்டிப் போனார். "வெக்கப்படாதீக மாப்ள. நானே ரெண்டு தடவ கட்டியிருக்கேன்" என்று வழியெல்லாம் தேற்றிக்கொண்டு வந்தார்.

"எம்புட்டு நாளாக் குடிக்கீக?" என்று பூசாரி கேட்டார்.

மாரி எனக்குப் பின்னால் தலையைக் குனிந்து நின்றாள். "கொஞ்ச நாளாத்தான்" என்றேன். மனிதர்களிடம் சொன்ன பொய்யைச் சாமியிடமும் சொல்லியாயிற்று. கறுப்புக் கயிறு வலது மணிக்கட்டில் ஏறியது.

அந்த வாரம் உப்பு லோடு வரவில்லை. கொட்டகை பூட்டிக் கிடந்தது, என் காலும் நன்றாக இருந்தது. ஊர் கருப்பசாமியைப் புகழ்ந்தது. டீக்கடைக்காரர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

லோடு வந்ததும் மறுபடி சலிக்கப் போனேன். மாரி ஒரு வெள்ளாடு வளர்த்தாள். வேலைச் சட்டையைக் கொடியில் போட்டால் அது கழுத்தை நீட்டி நக்கும். ஆடு உப்புக்கு அலையும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். வேர்வை உப்பு என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஒரு காலையில் அதன் பின்னங்கால்கள் இரண்டும் மடங்கிக் கிடந்தன. எழுந்திருக்கப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தது. மத்தியானம் கழுத்தைத் தூக்க முடியவில்லை. பிறகு செத்துப்போனது.

கண்மாய்ப் பக்கம் மேயவிட்டதால்தான் செத்தது என்று நான் மாரியைத் திட்டினேன். அவள் கொடியில் தொங்கிய சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அந்தச் சட்டையை அவள் கையால் தொடவில்லை, குச்சியால் எடுத்துத்தான் வாளியில் போட்டாள்.

அடுத்து ஒரு காலையில் எனக்கு இரண்டு காலுமே இல்லை. கை ஊன்றவும் முடியவில்லை. பாயிலேயே நனைத்துவிட்டேன். நாற்பத்தைந்து வயது ஆண்பிள்ளையை மனைவி துடைத்து, வேட்டி மாற்றி, ஆட்டோவில் ஏற்றி விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். தாழ்வாரத்தில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தபோது ஒரு நர்ஸ் என் கயிற்றைப் பார்த்துவிட்டு, வாயருகே குனிந்து மோந்து பார்த்தார். எல்லாரும் என் வாயைத்தான் மோந்து பார்த்தார்கள். சட்டையை மோந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் (தசையும் இதயமும் இயங்கத் தேவையான உப்பு) மிகவும் குறைந்திருந்தது. வாந்தி உண்டா, பேதி உண்டா, வேறு மாத்திரை உண்டா என்று டாக்டரம்மா வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"மளிகைக் கடை வச்சிருக்கேன்."

டிரிப்ஸில் பொட்டாசியம் ஏற்றினார்கள். தேறி எழுந்து வீட்டுக்கு வந்தேன். வந்தவன் நேராகக் கொட்டகைக்குப் போனேன், ஏனென்றால் சீசன். இதைப் படிக்கிறவர்கள் என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம்.

மறுபடி விழுந்தபோது மூச்சும் சேர்ந்து தளர்ந்தது. நெஞ்சுக்கூட்டை யாரோ மேலே உட்கார்ந்து அமுக்குவது போல் இருந்தது. ஈசிஜியில் (இதயத்துடிப்பைக் கோடாக வரையும் சோதனை) துடிப்பு தாறுமாறாக ஓடியது. அதே டாக்டரம்மா வந்து கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"கயிறு கட்டின பிறகும் குடிச்சீங்களா?"

பேச மூச்சில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். சாகப் போகிற நேரத்திலும் அந்தப் பொய்யை விட எனக்கு மனம் வரவில்லை.

"இல்ல டாக்டரம்மா" என்றாள் மாரி. "இவுக குடிக்கவே மாட்டாக. எங்க வீட்டு ஆடும் இப்படித்தான் காலு மடங்கி விளுந்துச்சு. இவுக சட்டைய நக்கிக்கிட்டே கெடக்கும். அந்த ஆடு எங்க போயிக் குடிக்கும்?"

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "சட்டையில என்ன இருந்துச்சு?"

மாரி என்னைப் பார்த்தாள். கோபமாக இருந்தால் தாங்கியிருப்பேன், அவள் கெஞ்சினாள். இருந்த மூச்சைத் திரட்டி, "பச்சை உப்பு" என்றேன். தடைக்குப் பிறகு அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

பேரியம் உடம்புக்குள் போனால், இரத்தத்தில் இருக்கிற பொட்டாசியம் செல்களுக்குள் போய் அடைபட்டுக்கொள்ளும், வெளியே வர முடியாது என்று பிறகு அவர் விளக்கினார். அதனால் தசைக்கு உத்தரவு போய்ச் சேராது. மூச்சுத் தசைக்கும் அதே கதிதான். காரணம் தெரிந்துவிட்டதால் வைத்தியம் வேகமாக நடந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தேன். ஒவ்வொரு விரலாகத் திரும்பி வந்தது. சட்டைப் பொத்தானை நானே போட்ட அன்று மாரி வெளியே போய் அழுதுவிட்டு வந்தாள்.

கம்பெனி பெயரை எழுத வேண்டாம் என்று டாக்டரம்மாவிடம் கெஞ்சினேன்.

"எனக்குப் பேர் தெரிஞ்சாத்தானே எழுத? நீங்கதான் சொல்லணும். அங்க இப்ப யார் சலிக்கிறாங்க?"

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அங்கே பாண்டி சலித்துக்கொண்டிருந்தான். என் கீழ் வேலை பார்த்தவன், எங்கள் தெருக்காரன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். முதலாளி ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார். எனக்கு இனிக் கம்பெனி வாசலில் கேட் வேலை என்றார். அந்த ஆப்பிளை நான் தின்றேன். பாண்டியிடம், "துண்ட மட்டும் அவுத்துராதலே" என்று சொன்னதோடு என் கடமை முடிந்ததாக நினைத்துக்கொண்டேன்.

தெருவில் எனக்கு நல்ல பெயர். "கயிறு கட்டுனதுல இருந்து ஆளே மாறிட்டீக" என்பார்கள். நான் சிரித்துவைப்பேன்.

ஒரு நாள் கேட்டைத் திறக்கும்போது பாண்டியின் மணிக்கட்டைப் பார்த்தேன். புதுக் கறுப்புக் கயிறு.

"என்னலே இது?"

"ரெண்டு தடவ விளுந்துட்டேன் அண்ணாச்சி. வீட்டுல குடின்னு நெனச்சுக்கிட்டாக. நானும் ஆமான்னுட்டேன்." என் கயிற்றைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நீங்க அப்படித்தான சமாளிச்சீக?"

சல்லடை பிடிக்க அவனுக்கு நான் கற்றுக்கொடுத்திருந்தேன். இதை நான் கற்றுக்கொடுக்காமலேயே கற்றுக்கொண்டிருந்தான். கேட்டைப் பிடித்தபடி நின்றேன்.

அன்று சாயங்காலம் ஒரே பஸ்ஸில் வந்தோம். டீக்கடை முன்னால் அவன் கால் மடிந்தது. பெஞ்சில் சிரிப்பு. "சாமிக்கே தண்ணி காட்டுதான்லே" என்றது ஒரு குரல். அவன் எழுந்திருக்கப் பார்த்து மறுபடி உட்கார்ந்தான். என்னைப் பார்த்து லேசாகச் சிரிக்கவும் செய்தான்.

நான் அவன் பக்கத்தில் தெருவிலேயே உட்கார்ந்தேன். "இவன் குடிக்கல. நானும் குடிச்சதில்ல" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். "கொட்டகையில பச்சை உப்பு சலிக்கோம். அது செய்யுத வேலை இது."

யாரும் ஆச்சரியப்படவில்லை. டீக்கடைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் அருகே வந்து குனிந்தார். "அண்ணாச்சி, மெதுவாப் பேசுங்க" என்றார்.

அவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எவ்வளவு நாளாக என்று நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்கும் முன்பே உப்பின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் சொன்னேன். பாண்டி பிழைத்துக்கொண்டான். கொட்டகைக்குச் சீல் வைத்தார்கள், கம்பெனி மூடிக் கிடக்கிறது. குடிகாரன் மனைவியோடு குழாயடியில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் இப்போது மாரியோடு பேசுவதில்லை. ஓடையில் நான் கொட்டியது இன்னும் ஓடையில்தான் இருக்கிறது. கண்மாயில் ஆடுகள் தண்ணீர் குடிப்பதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, வேறு வழியாகப் போகிறேன்.

இதே நோயோடு படுத்திருப்பவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். டாக்டர் என்ன வேலை என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

முன்பெல்லாம் எனக்கு வருஷம் என்பது ஒரு தீபாவளி முடிந்து அடுத்த தீபாவளிக்கு ஆர்டர் வருவது. இப்போது ஓர் இரத்தப் பரிசோதனையிலிருந்து அடுத்ததுவரை நாள் போகிறது. கால் என்னுடையது என்ற நினைப்பும் போய்விட்டது. எழுந்ததும் அதனிடம் அனுமதி கேட்டுத்தான் ஊன்றுகிறேன். போன தீபாவளிக்கு வாசலில் நின்றிருந்தோம். எங்கோ ஒரு வெடி மேலே போய்ப் பச்சையாக விரிந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் குனிந்து என் கால் விரல்களை அசைத்துப் பார்த்தேன். நாலு வீடு தள்ளித் தன் வாசலில் பாண்டியும் குனிந்துதான் இருந்தான்.