உள்பக்கம் தெரிந்த தோல்

மார்கழிக் குளிருக்குக் கூண்டில் மறைப்பு கட்ட வேண்டும் என்று அந்த அக்கா கேட்டிருந்தார். ஒடுகத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில் உள்ள சிறிய விலங்குக் காப்பகத்தில் குரங்குகளைப் பார்த்துக்கொள்பவர் அவர். செய்தி எடுக்க ஒருமுறை போன நான், அதன்பின் மாதம் ஒருமுறையாவது போய்வந்தேன். ஆம்பூரில் தெரிந்தவரின் ஷூ கம்பெனியில் கழித்துப்போட்ட தோல்களை ஒரு மூட்டை வாங்கி, பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்த வேலைக்கு வருமுன் இருபது வருடம் ஷூ தைத்தவர் அக்கா. துண்டுகளை இணைத்துத் தானே படுதா தைத்துவிடுவதாகச் சொன்னார்.

நான்காம் நாள் காலையில் போன் வந்தது.

“சார், கொஞ்சம் வந்துட்டு போறியா? எதுவும் சரியா தெர்ல.”

போனபோது பதினோரு குரங்குகளும் கூண்டின் மேல்மூலையில் ஒரே உருண்டையாக ஒட்டியிருந்தன. கிழட்டு ஆண் மட்டும் சீரான இடைவெளியில் கரகரவென்று கத்திக்கொண்டிருந்தது. கீழே வைத்த கடலையும் தண்ணீரும் அப்படியே இருந்தன. ஒன்பது நாள் குட்டியை வைத்திருந்த தாய், அதன் முகத்தைத் தன் மார்பில் அழுத்திப் பிடித்திருந்தது. குட்டியின் வாய் காம்பில் இல்லை. அதன் முதுகு வேகமாக ஏறி இறங்கியது.

“காலைல இருந்து பால் குடுக்கல. இப்படியே புட்சினு இருந்தா குட்டி மூச்சு முட்டி செத்துடும்,” என்றார். பிறகு குரலைத் தணித்து, “மலைலேர்ந்து ஏதாச்சும் எறங்கிக்கீதா?”

இருவரும் புதர்ப் பக்கம் திரும்பினோம். அங்கே ஒன்றும் அசையவில்லை. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. கூண்டைச் சுற்றி ஈரமண்ணைப் பார்த்தேன். அக்காவின் செருப்புத் தடமும் ஆட்டுக் குளம்புத் தடங்களும் மட்டுமே இருந்தன.

“இன்னா சார், பேப்பர்காரன் பயந்துக்கலாமா?” என்றார்.

பிறகுதான் குரங்குகளின் கண்களைக் கவனித்தேன். எதுவும் மலையைப் பார்க்கவில்லை. எல்லாம் தங்களுக்கு எதிரே இருந்த கம்பியில் அன்று விடியலில் கட்டிய படுதாவையே பார்த்தன. எங்கள் பக்கம் அது வெறும் சாம்பல் நிறத் தோலின் பின்புறம். கூண்டின் மறுபுறம் போய்க் கம்பி வழியாக உள்பக்கத்தைப் பார்த்தேன்.

என் கால்கள் தாமாகப் பின்னால் நகர்ந்தன.

கறுப்பு, பழுப்புத் துண்டுகளுக்கு நடுவே முடி எடுக்காத ஓர் ஆட்டுத்தோல். மஞ்சள் மேல் கரும்புள்ளிகள். செருப்புக்காகச் சிறுத்தை போல் அச்சடித்தது. நானே சுமந்து வந்த மூட்டையில் இருந்ததுதான்.

“அதான் இருக்கறதுலயே பெர்சு. முடி வேற, கதகதன்னு இருக்கும்னு நடுவுல வெச்சேன்,” என்றார் அக்கா. “நல்ல பக்கம் அதுங்களுக்கு தெரியட்டும்னுதான்.”

அந்தக் குரங்குகள் எல்லாமே கூண்டில் பிறந்தவை. அவற்றின் தாய்களும் அப்படித்தான். சிறுத்தையை ஒருநாளும் கண்டதில்லை.

அக்கா கயிற்றை அறுத்தார். நான் இழுத்தபோது தோல் அசைந்தது. கூண்டே அலறியது. தாய் பக்கவாட்டுக் கம்பிக்குத் தாவியதில் குட்டி ஒரு கையால் மட்டும் அதன் வயிற்று மயிரைப் பிடித்துத் தொங்கியது. ஒரு கணம்தான். தாய் அதை வாரி எடுத்துக்கொண்டது.

முடி உள்ளே போகும்படி மடித்து மூட்டையில் திணித்தேன். இப்போது பதினோரு ஜோடிக் கண்களும் என்மேல் இருந்தன.

“நீ அத்த எடுத்துனு போய்டு சார். நீ நின்னுனு இருந்தா அதுங்க எறங்காது.”

ரோட்டோரம் மூட்டையோடு நின்றேன். இரண்டு பஸ்களை விட்டேன். மூன்றாவதில் ஏறி உட்கார்ந்த பிறகு போன் வந்தது.

“கீழ எறங்கல. ஆனா குடிக்குது சார்,” என்றார். “குட்டி குடிக்குது. அவ மட்டும் இன்னும் அந்த கம்பியவே பாத்துனு கீறா.”

பஸ் திரும்பியபோது மூட்டை சரிந்து என் கணுக்காலைத் தொட்டது. காலை இழுத்துக்கொண்டேன்.