ஆரியசாலை வெள்ளத்தை என் தம்பி வரைந்த விதம்

என் தம்பி ஷிஜு வென்றவை இவை. ரயில்வே வேலைக்கான கண் பரிசோதனையில் தோற்றவன், கண்ணால் செய்கிற வேலையிலேயே நிரந்தரமானான். "சிக்னல் தெரியாத பயலுக்கா என் மகளைக் குடுப்பேன்?" என்று கேட்ட மனிதரின் மகள் லிபியை, அதே மனிதரின் சம்மதத்தோடு கட்டினான். மூன்று தெருக்கள் கேட்க, ஒரு தெருவுக்கு மட்டும் பணம் இருந்த ஆண்டில், நகரத்துக் கடைத்தெருவான ஆரியசாலையில் எங்கள் சந்துக்கு மழைநீர் வடியப் புது ஓடை கிடைத்தது. அதற்கு அவன் வரைந்த படமும் ஒரு காரணம். இத்தனைக்கும் அவனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

நான் அவனுக்கு ஆறு வயது மூத்தவள். பத்தாம் வகுப்போடு நின்றேன். அவன் கல்லூரிவரை போனான். எங்கள் அப்பா சத்தியதாஸ் பாறசாலையில் வாழைக்குலை வியாபாரம் செய்தார். குலையில் எது பழுத்தது என்று கேட்டால், ஷிஜு விரலால் அமுக்கிப் பார்த்துத்தான் சொல்வான். அதை நாங்கள் ஒரு விளையாட்டு என்றே நினைத்திருந்தோம். ரயில்வே டாக்டர் புள்ளிகள் நிறைந்த வட்டத்தைக் காட்டி, உள்ளே என்ன எண் என்று கேட்ட அன்றுதான் விஷயம் தெரிந்தது. அவனுக்கு அதில் எண் எதுவும் தெரியவில்லை.

பிறகு தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடியில் இருந்த சிறிய அலுவலகத்தில் சேர்ந்தான். கம்பெனிகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் அறிக்கை தயாரித்துக் கொடுக்கும் இடம் அது. முதலில் எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தான். பிறகு அந்த எண்களைப் பட்டைகளாகவும் கோடுகளாகவும் வரையும் வேலை அவனுக்கு வந்தது. பார்த்தவுடன் எது கூடியது, எது குறைந்தது என்று ஆளுக்குத் தெரிய வேண்டும். அதுதான் அந்த வேலை.

என் வீட்டுக்காரர் நேசையனுக்கு ஆரியசாலையில் பருப்பு, பயறு மொத்தக் கடை. நானும் கடையில்தான் இருப்பேன். மழைக்காலத்தில் எங்கள் சந்தில் தண்ணீர் ஏறும். அடிமூட்டை நனைந்துவிடும். நனைந்த உளுந்தைப் பிரித்து உலர்த்தி, தேறியதைத் தேற்றுவது என் பாடு. 2023 மழை முடிந்ததும் அவர் சொல்லிவிட்டார்: "அடுத்த மழைக்கும் இதே கதின்னா கடையைப் பூட்டிட்டுப் பாறசாலைக்கே போயிருவோம்." கோபத்தில் சொல்லவில்லை. கடைக்குச் சொந்தக்காரரிடமும் பேசி வைத்துவிட்டார்.

அப்போதுதான் ஓடைப் பணத்தை எந்தத் தெருவுக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்க மாநகராட்சி ஒரு கூட்டம் வைப்பதாகத் தெரிந்தது. ஒவ்வொரு தெருவும் தன் கஷ்டத்தை ஒரு அட்டையில் காட்டலாம் என்றார்கள். எங்கள் வியாபாரிகள் சங்கத்துச் செயலாளர் நாகேஸ்வரன் அண்ணாச்சி, சந்து முனையில் பாத்திரக் கடை வைத்திருப்பவர், ஷிஜுவைக் கூப்பிட்டனுப்பினார்.

எண்கள் எங்களிடமே இருந்தன. எங்கள் சந்தில் ஒரு பழக்கம் உண்டு. தண்ணீர் ஏறிய நாளில் கடைக்காரர்கள் சுவர்க் காலண்டரில் அந்தத் தேதிமேல் ஒரு பெருக்கல் குறி போடுவார்கள். ஷிஜு கடைகடையாகப் போய்ப் பழைய காலண்டர்களை வாங்கி வந்து தரையில் பரப்பினான். ஒரே மாதத்துக்கு ஒரு கடையில் எட்டுக் குறி, எதிர்க்கடையில் இரண்டு.

"அத்தான், வெள்ளம் வெள்ளம்னு சொல்லுதியளே, எதை வெள்ளம்னு கணக்கு வைப்பிய?"

"கால் நனைஞ்சா வெள்ளம்."

"யாரு கால்? அண்ணாச்சி கடைக்கு இப்ப மூணு படி. உங்க கடைக்கு ஒண்ணு."

நேசையன் சிரித்துவிட்டார். உண்மைதான். வசதி உள்ளவர்கள் வருடாவருடம் வாசலை உயர்த்திக் கட்டிக்கொண்டே போனார்கள். படி ஏற ஏறக் காலண்டரில் குறி குறைந்தது. அந்தக் காலண்டர்களை அப்படியே கூட்டினால் வெள்ளம் குறைந்துவிட்டது என்றுதான் படம் சொல்லும். அதனால் வாசலை உயர்த்தாத கடைகளின் காலண்டர்களை மட்டும் ஷிஜு எடுத்துக்கொண்டான். அவற்றிலும் இரண்டு கடைக்காரர்கள் ஒரே தேதியில் குறி போட்டிருந்தால்தான் அந்த நாள் கணக்கில் சேர்ந்தது. மற்ற இரண்டு தெருக்களுக்கும் நடந்து போய், அங்கேயும் இதே முறையில் எண்ணி வந்தான்.

முதலில் வரைந்த படத்தை அச்சடித்து எங்கள் கடை வாசலில் சாய்த்து வைத்தான். மூன்று தெருவுக்கு மூன்று நிறம். அவன் நிறத்தைப் பெயரால் தேர்ந்தெடுப்பதில்லை. ஒன்று இருட்டாகவும் ஒன்று இடைத்தரமாகவும் ஒன்று வெளிச்சமாகவும் தெரிந்தால் போதும் அவனுக்கு. சுமடு இறக்க வந்த தாணுமாலையன் மூட்டையோடு நின்று பார்த்தார்.

"அண்ணாச்சி, இது எந்த வார்டு? காவி இம்புட்டு ஏறிட்டுதா?"

கூட வந்தவர், "பச்சை ரெண்டாமதாக்கும். நம்மாளு மூணாவது" என்று முகம் சுளித்தார்.

நாகேஸ்வரன் அண்ணாச்சி கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். "எடே ஷிஜு, வெள்ளம் எந்தக் கட்சிலடே நின்னுது?"

சந்தே சிரித்தது. சிவப்பு, பச்சை, காவி மூன்றையும் பட்டையாக நிறுத்தினால் இந்த ஊரில் அது வாக்கு எண்ணிக்கைதான். சங்கத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள். யாரும் அந்த அட்டைப் பக்கம் வரவில்லை. ஷிஜு என்னிடம், "அக்கா, இதுல சிவப்பு எது?" என்று கேட்டான். தொட்டுக் காட்டினேன். தலையாட்டிவிட்டு அட்டையைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தான்.

அடுத்த படத்தில் எங்கள் சந்து மட்டும் அடர்நீலம். மற்ற இரண்டும் சாம்பல். எந்தப் பட்டை எந்தத் தெரு என்று ஓரத்தில் தனியாகக் குறிப்புப் போடாமல், பட்டையின் பக்கத்திலேயே பெயரை எழுதியிருந்தான். நிறம் தெரியாதவனும் வாசிக்கலாம். படத்தின் அடியில், எண்ணிய விதத்தை இரண்டு வரியில் எழுதியிருந்தான்.

அண்ணாச்சிக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் சந்தில் தண்ணீர் நின்ற நாட்கள் 2019இல் பதினைந்து, 2021இல் பதினேழு, 2022இல் பதினாறு, 2023இல் பத்தொன்பது.

"இது என்ன, எல்லாம் ஒரே உயரமா நிக்குது? கீழ உள்ளதை வெட்டு. பதினாலுல இருந்து தொடங்கு."

ஷிஜு லேப்டாப்பில் வெட்டிக் காட்டினான். 2019 பட்டை தரையோடு ஒட்டிக்கொண்டது. 2023 பட்டை கோபுரம்போல எழுந்தது.

"இதாக்கும் படம்" என்றார் அண்ணாச்சி.

"பதினஞ்சு பத்தொன்பதாச்சு, அண்ணாச்சி. இது அஞ்சு மடங்குன்னு சொல்லுது."

"மேல நம்பர் எழுதியிருக்குல்லா? நான் பொய் சொன்னனா?"

"நம்பரை யாரு வாசிப்பா? உயரத்தைத்தான் பார்ப்பாங்க. அதுக்குத்தானே வெட்டச் சொல்லுதிய."

நேசையன் மெதுவாக, "நல்ல காரியத்துக்குத்தானே, ஷிஜு" என்றார். எனக்கும் அந்த உயரமான பட்டைதான் பிடித்திருந்தது. உளுந்தை உலர்த்துகிறவளுக்கு வெள்ளம் அந்த உயரம்தான்.

"அத்தான், வருஷத்துல பத்தொன்பது நாள் கடைவாசல்ல தண்ணி. பக்கத்துத் தெருவுல பதினொண்ணு, அடுத்ததுல ஒம்பது. இது போதாதா? நாம ஒண்ணைக் கூட்டிக் காட்டினோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சா, மீதியையும் நம்பமாட்டாங்க."

அண்ணாச்சி விரலை 2020இல் வைத்தார். அங்கே பட்டையே இல்லை. "இது என்ன, பல்லு விழுந்த மாதிரி?"

"லாக்டவுன். கடை பூட்டிக் கிடந்துது. யாரும் பார்க்கல."

"பதினாறுன்னு போடு. வந்திருக்கும்லா."

"வந்திருக்கும். ஆனா நமக்குத் தெரியாதே."

"பூஜ்யம்னாவது போடுடே, ஓட்டை தெரியாது."

"பூஜ்யம்னா வெள்ளம் வரலன்னு அர்த்தம். அதுவும் நமக்குத் தெரியாது."

அண்ணாச்சி எழுந்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. சந்துக்காக அவர் ஏறி இறங்காத படி கிடையாது. "உன் இஷ்டம். ஆனா இதுக்குச் சங்கத்து சீல் விழாது, கேட்டோ. ஓடை கைவிட்டுப் போச்சுன்னா, உன் அத்தான் கடை பூட்டுறதுக்கும் நீதான் பதில் சொல்லணும்."

கூட்டத்துக்கு முந்தின நாள் ஷிஜு இரண்டு அட்டைகளையும், வெட்டியதையும் வெட்டாததையும், மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "அத்தான், நீங்க சொன்னா வெட்டினதையே கொண்டுபோறேன். ஆனா நான் வரமாட்டேன்" என்றான். நேசையன் இரண்டையும் பார்த்தார். வெட்டாததை எடுத்துத் துணிப்பையில் வைத்தார்.

கூட்டத்தில் மற்ற இரண்டு தெருக்காரர்களும் பெரிய அட்டைகளோடு வந்திருந்தார்கள். ஒன்றில் தூண்தூணாக, பக்கவாட்டில் நிழலோடு, எந்தத் தூண் எங்கே முடிகிறது என்றே தெரியாத படம். மாநகராட்சிப் பொறியாளர் அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு எங்கள் அட்டைக்கு வந்தார். கோட்டைப் பக்கத்து அக்ரஹாரத்தில் வீடு. மலையாளம் பேசும் அலுவலகம் என்றாலும் எங்களோடு தமிழிலேயே பேசினார்.

"இங்க ஏன் காலியா இருக்கு? அந்த வருஷம் வெள்ளம் வரலையோ?"

நாகேஸ்வரன் அண்ணாச்சி நேசையனைப் பார்த்தார். ஷிஜு முன்னால் வந்தான்.

"கடை பூட்டியிருந்துது, மேடம். யாரும் எண்ணல. வந்துதா, இல்லியான்னு எங்களுக்குத் தெரியாது."

"மத்த தெருவோட கணக்கும் போட்டிருக்கேளே. அவா சம்மதிப்பாளா?"

"அவங்க கடையில போய் எண்ணினதுதான், மேடம். இங்கேயே இருக்காங்க. கேக்கலாம்."

அவர் திரும்பிக் கேட்டார். படத்தில் பதினொன்று என்று இருந்த தெருவின் ஆள், "சரிதான், எங்க காலண்டரைப் பார்த்துத்தான் எழுதிட்டுப் போனாரு" என்றார். பொறியாளர், படத்தின் அடியில் இருந்த இரண்டு வரியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். பிறகு அட்டையின் நான்கு மூலைகளிலும் எதையோ தேடினார்.

"இதை ஃபைல்ல வைக்கணும். சீல் ஒண்ணும் காணலையே. யார் உத்தரவாதம்?"

சீல் அண்ணாச்சியின் பையில்தான் இருந்தது. அவர் பையைத் திறக்கவில்லை. "வரைஞ்சவன் இவனாக்கும்" என்று மட்டும் சொன்னார்.

"அப்போ நீங்களே கையெழுத்திடுங்கோ. தேதியும் போடுங்கோ."

ஷிஜு அதுவரை எத்தனையோ படங்கள் வரைந்திருந்தான். எல்லாம் அலுவலகத்தின் பெயரில்தான் வெளியே போகும். வரைந்தவன் பெயர் எதிலும் இருக்காது. நேசையன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார். ஷிஜு அட்டையை மடியில் வைத்து, எண்ணிய விதத்தை எழுதியிருந்த வரிகளுக்குக் கீழே, முழுப் பெயரையும் நிறுத்தி எழுதினான்: ஷிஜு சத்தியதாஸ், 8 பிப்ரவரி 2024.