நாலு எழுத்தும் பிறந்த வருஷமும்

சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காலண்டர் டிசைன் செய்வது என் வேலை. அடுத்த வருஷக் காலண்டர் சந்தைக்கு வரும்வரை ஃபைல்களைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வைக்க வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. எல்லா ஃபைலுக்கும் ஒரே பாஸ்வேர்டுதான். அது டீ கொண்டு வருகிறவருக்கும் தெரியும். அதனால் இந்த மாதிரிப் பூட்டுகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது.

அன்று காலை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவின் பரிசோதனை முடிவு என் போனுக்கு வந்தது. மார்பில் கட்டி, சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். புற்றுநோயா இல்லையா என்பது அந்த ஃபைலுக்குள் இருந்தது. திறப்பதற்கு அவள் பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருஷமும் போட வேண்டும். அவளுக்குத் தெரியாமல் முதலில் நான் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஆதாரில் இருந்த வருஷத்தைப் போட்டேன். தப்பு என்றது. வாக்காளர் அட்டையில் ஒரு வருஷம் முன்னே இருந்தது. அதுவும் தப்பு. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். நோயாளி சொன்ன வருஷம்தான் பாஸ்வேர்டு, பாதுகாப்புக் காரணமாக அதைச் சொல்ல முடியாது என்று ஒரு பெண் மிகப் பணிவாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். என் அம்மாவை என்னிடமிருந்தே பாதுகாக்கிறார்கள் என்று எரிச்சலாக வந்தது.

அம்மாவைக் கேட்கவும் வழியில்லை. எம். புதுப்பட்டி பட்டாசு ஆலைக்கு வேனில் போய்விட்டாள். உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். லீவு போடச் சொன்னதற்கு, கட்டி எங்கேயும் போகாது, சீசன் போய்விடும் என்று சொல்லியிருந்தாள். பகல் முழுக்க எனக்குப் பயமாக இருந்தது. மயில் இல்லாத முருகனை அச்சுக்கு அனுப்பித் திட்டு வாங்கினேன்.

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கியவளிடம், ஆஸ்பத்திரியில் என்ன வருஷம் சொன்னாய் என்று கேட்டேன். அவள் சொன்னது ஆதாரைவிட நாலு வருஷம் பின்னால் இருந்தது, அதாவது வயது நாலு குறைவு. சிறுமியாக இருந்தபோது தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலைக்குச் சேர்க்க அவளுடைய அப்பா வயதைக் கூட்டிச் சொன்னாராம். பிறகு எல்லா அட்டைகளுக்கும் ஒரு வருஷம் முன்னே பின்னே அந்தக் கணக்கே போய்விட்டது. எனக்குக் கோபம் வந்தது. செத்துப்போனவர் மேல் கோபப்பட்டு என்ன செய்ய?

"பெறகு ஆஸ்பத்திரில மட்டும் ஏம்மா நெசத்தச் சொன்னே?"

"வயசுக்குத் தக்கனதானலே மருந்து குடுப்பாக. பொய் சொன்னா அளவு மாறிப் போயிரும்லே."

அந்த வருஷத்தைப் போட்டதும் ஃபைல் திறந்தது. புற்றுநோய் இல்லை, சாதாரணக் கட்டிதான். அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா சரி என்றாள். வயசு எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று கேட்டாள். ஐம்பத்து நாலு என்றேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"எம்புட்டோ தாள்ல என் வயச எழுதிட்டாக. இதுலதான் சரியா இருக்கு. எனக்கு ஒரு காப்பி எடுத்துக் குடு."