முடிவு மட்டும் தெரிந்தவள்

மூன்று திரைகள் கொண்ட அந்தத் தியேட்டரில் துப்புரவு வேலை பார்ப்பவளுக்கு உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர் க்ளைமாக்ஸக்கா. படம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போதே விளக்குமாறும் கறுப்புப் பையுமாகக் கதவுக்கு உள்ளே, சுவரோரம் போய் நின்றுவிட வேண்டும். விளக்கு எரிந்ததும் கால் மணி நேரத்துக்குள் அரங்கு அடுத்த காட்சிக்குத் தயாராக வேண்டும். ஒன்பது வருஷமாக இதே வேலை. ஆகவே வந்த படம் அத்தனைக்கும் முடிவு தெரியும். கடைசியில் அழுகிறவர்கள் எதற்காக அழுகிறார்கள் என்பதுதான் தெரியாது.

அதற்காக அவளிடம் கருத்துக்குப் பஞ்சமில்லை. இருக்கைக்கடியில் கிடப்பதை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிடுவாள். "பாப்கார்ன் மிச்சம் கிடந்தா படத்துல ஒட்டிப்போய் உட்கார்ந்திருக்காங்கன்னு அர்த்தம். டப்பாவைச் சுரண்டித் தின்னிருந்தா கதையில ஒண்ணுமில்ல." போன மாதம் வந்த பேய்ப்படத்துக்கு அவள் விமர்சனம் ஒரே வரி: "பேயைவிட ஹீரோவோட விக்குதான் பயமா இருக்கு." டிக்கெட் கிழிப்பவர் அவளைக் கேட்டுக்கொண்டுதான் தன் குடும்பத்தைக் கூட்டிவருவார்.

வீட்டில் நேர் எதிர். லீவு நாளில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கணவர் டிவியில் ஒரு படத்தைப் போடுவார். அவர் லிஃப்ட் மெக்கானிக். படத்தில் லிஃப்ட் அறுந்து விழுந்தால் கதையை அப்படியே விட்டுவிட்டு, "இப்படியெல்லாம் விழாதுடி, பிரேக் பிடிச்சுக்கும்" என்று ஆரம்பித்துவிடுவார். இருபதாவது நிமிஷத்தில் அவளுக்குக் கண் சொக்கிவிடும்.

"எழுந்திரு, படம் முடிஞ்சாச்சு."

"நல்லா இருந்துச்சுங்க."

"எது, தூக்கமா?"

நாலு மாதத்துக்கு முன்பு கணவரின் தங்கை ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தாள். கட்டியவன் கைநீட்டுகிறவன். முன்பு ஒருமுறை இப்படி வந்து இரண்டே நாளில் திரும்பிப் போனவள், இந்தத் தடவை மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். தியேட்டர் ஊழியர்களுக்குக் கிடைக்கும் இலவச டிக்கெட்டுகள் அவளுக்குப் போயின. ஆனால் முடிவு மோசமான படத்தை அவள் பார்க்க மாட்டாள்.

"அண்ணி, இது நல்லபடியா முடியுமா?"

"முடியும். நாய் மட்டும் செத்துப்போகுது, மத்தவங்கல்லாம் நல்லா இருக்காங்க."

"அப்போ வேண்டாம்."

இதற்கிடையில் கட்டியவனிடமிருந்து போனுக்கு மேல் போன். திருந்திவிட்டானாம். ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப்போகிறானாம். கணவர் தங்கையிடம், "நீயே யோசிச்சுச் சொல்லும்மா" என்று நழுவிக்கொண்டார். அண்ணன் தங்கை விஷயத்தில் நாம் ஏன் வாயைக் கொடுக்க வேண்டும் என்று இவள் பேசாமல் இருந்தாள். பாவம், மனசாவது லேசாகட்டும் என்று வியாழக்கிழமை ஒரு டிக்கெட்டை நீட்டினாள்.

"குடும்பப் படம். கடைசியில எல்லாரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கறாங்க. புருஷனும் பொண்டாட்டியும் கையைக் கோத்துக்கிட்டு சிரிக்கிறாங்க. ஜனங்க கைதட்டுறாங்க. போய்ப் பாரு."

படம் பார்த்துவிட்டு வந்தவள் வந்ததும் வராததுமாகப் பெட்டியைத் திறந்து துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"என்ன திடீர்னு?"

"ஞாயித்துக்கிழமை அவரோட கிளம்பறேன் அண்ணி. நீங்க சொல்ல வந்தது புரிஞ்சுபோச்சு. வாயாலயே சொல்லியிருக்கலாம். டிக்கெட் குடுத்தா சொல்லணும்?"

"நான் என்னடி சொன்னேன்?"

நாத்தனார் பெட்டியை மூடிவிட்டுப் படுத்துவிட்டாள்.

மறுநாள் மேனேஜரிடம் மூன்று மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒன்பது வருஷத்தில் முதன்முறையாக, தான் துடைக்கும் இருக்கைகளில் ஒன்றில் உட்கார்ந்தாள். படம் ஆரம்பித்து இருபது நிமிஷத்தில் புருஷன் பொண்டாட்டியை அறைந்தான். இடைவேளைக்குள் அவள் கையை முறித்தான். இடைவேளைக்குப் பிறகு அம்மா, தோழி, டாக்டர் என்று ஆளாளுக்கு அவளிடம், அனுசரித்துப் போ என்றார்கள். அவன் ஒரு பாட்டு முழுக்க அழுதான். அவள் திரும்பிப் போனாள். பிறகு அந்தப் போட்டோ, அந்தச் சிரிப்பு, அந்தக் கைதட்டல்.

அன்று இவளுக்குப் பதிலாக விளக்குமாறோடு உள்ளே வந்தவள் கேட்டாள்: "எப்படிக்கா இருக்கு படம்?"

"முதல்லேர்ந்து பார்த்தா கடைசி அசிங்கமா இருக்கு."

நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனாள். நாத்தனார் ஒரு பெரியவருக்கு ஃபிரேம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கண்றாவியை இன்னைக்குத்தான் முழுசாப் பார்த்தேன். படத்துல அவன் அடிக்கிறவன்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது."

"தியேட்டர்லயே இருக்கீங்க, தெரியாதுன்னா நான் நம்பணுமா?"

"எந்தப் படத்தோட ஆரம்பத்தை வேணும்னாலும் கேளு."

நாத்தனார் முறைத்தாள். "கப்பல் படத்துல அந்தக் கப்பல் எதுக்குக் கிளம்புச்சு?"

"மீன் பிடிக்க."

"கல்யாணத்துக்கு அண்ணி! கல்யாண ஊர்வலமே கப்பல்லதான்."

"அதான் கடைசியில அத்தனை பேரும் பட்டுத்துணியோட நீந்திக் கரையேறினாங்களா?"

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். நாத்தனாருக்கும் அடக்க முடியவில்லை. சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ போகணும்னு நான் ஒருநாளும் நினைச்சதில்ல," என்றாள் அண்ணி. "யாரும் என்னைக் கேக்கல, நானும் சொல்லல. அது என் தப்பு. இப்ப சொல்றேன், போகாத. ஞாயித்துக்கிழமை அவன் வந்தா வாசல்ல நான் நிக்கிறேன்."

"அண்ணன்?"

"அவர் கிடக்கிறார். அவருக்கு நான் சொல்லிக்கறேன்."

நாத்தனார் கல்லா மேல் கிடந்த போனை எடுத்தாள்.

"நீங்க வாசல்ல நிக்க வேண்டாம் அண்ணி. அவர் அவ்வளவு தூரம் வரவே வேண்டாம்."

போனில் இரண்டே வாக்கியம் பேசினாள். எதிர்முனையில் சத்தம் எழும்போதே அணைத்துவிட்டுப் பெரியவர் பக்கம் திரும்பினாள்.

"இது உங்க முகத்துக்குக் கொஞ்சம் பெருசு சார். வேற காட்டறேன்."