கடைசி வயலுக்கு வோல்ட் போதாது

வெல்லாவெளிப் பக்கம் யானை வேலி போட்டு முடித்த மறு போகத்தில், அதைப் பராமரிக்கிற எனக்குத் தலையிடி தொடங்கியது. வட்டை என்கிற அந்த வயல்வெளியின் கடைசி வயல்காரர் தம்பிராசா அண்ணன், வேலியில் வோல்ட் போதாது என்று ஓயாமல் ஃபோன் எடுத்தார். ஒவ்வொரு முறையும் செட்டிபாளையத்திலிருந்து வாவி கடந்து போய் மீட்டர் பிடிப்பேன். எல்லாம் சரியாக இருக்கும். எரிச்சலோடு திரும்புவேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு விளக்கம். வேலிக்குக் கரண்ட் கொடுக்கும் எங்கள் எனர்ஜைசர் பெட்டிக்குள் மல்டிப்ளையர் இருந்தது. டயோட்டும் கெப்பாசிட்டரும் அடுக்கடுக்காக வோல்ட்டை ஏற்றும். வோல்ட் கூடினால் கரண்ட் குறையும். சும்மா எதுவும் பெருகாது. அதையும் விட்டு விட்டுத்தான் அனுப்புவோம். அதனால் வேலி யானையை விரட்டும், கொல்லாது.

திறப்பு விழாவில் பேசிய அதிகாரி வேறொரு மல்டிப்ளையர் சொன்னார். வேலிக்குப் போட்ட காசு கைமாறிக் கைமாறி ஊருக்குள் பல மடங்காகுமாம். நான் கண்டது, யானைக்கு முறை வைத்துக் காவலிருந்த பெடியள் இனி வேலையில்லை என்று கட்டாருக்குப் போனதைத்தான்.

ஒருநாள் காலை போனபோது, அண்ணன் வயலோரத்துத் தன் வீட்டுப் பிளக்கிலிருந்து வேலிக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தார். முனையை மாட்டுவதுதான் பாக்கி. வீட்டுக் கரண்ட் யானையையும் கொல்லும், மேய்ச்சலுக்கு மாடு சாய்க்கப் போகிறவனையும் கொல்லும். வயரைப் பிடுங்கி எறிந்து கத்தினேன். மீட்டரை முகத்துக்கு நேரே காட்டினேன்.

"வோல்ட்டு இரிக்கெண்டு எனக்கும் தெரியும் தம்பி. முந்தி இந்த வாடியில ஆறு பேர் காவலிரிப்பம். மனிசியும் செத்துப் போயிட்டா. இப்ப யானை வந்தா கூப்பிட ஆரும் இல்ல. ஒராளப் பல பேராப் பெருக்க உங்களிட்டப் பெட்டி இரிக்கா?"

எனக்கும் வெறும் வீடுதான், பிள்ளைகள் கனடாவில். ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்றுதான், கூட்டினால்தான் இரண்டு என்று அன்றைக்குத் தோன்றியது. அவருடைய காவல் குடிசையான அந்த வாடியில் உட்கார்ந்தேன். அவர் பாலில்லாத பிளேன்ரீ ஊற்றினார். மத்தியானம் வரை ஊர்க்கதை பேசினோம்.

புறப்படும்போது வயரைச் சுருட்டி என் கையில் தந்தார்.

"இது இஞ்ச கிடந்தா எனக்குத் திரும்பவும் இதில கை போகும். நீங்களே கொண்டு போங்க."

வோல்ட் போதாது என்று யாராவது கூப்பிட்டால் முதலில் மீட்டர் பிடியுங்கள். சரியாக இருந்தால் உடனே கிளம்பிவிடாதீர்கள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இன்னும் கிழமைக்கொரு தரம் அந்த வேலிக்குப் போகிறேன். மீட்டர் கொண்டு போவதில்லை.