பித்தளைப் பூட்டு

பேர்லேண்ட் நகரில் எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவில் நூறு வருடப் பழைய பித்தளைப் பூட்டையும் பூவேலைக் குமிழையும் பொருத்தியது நான்தான். பழைய கதவுச் சாமான்கள் சேர்ப்பதில் எனக்கு அப்படியொரு பைத்தியம்.

அன்று தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு மனைவி துண்டு எடுக்கப் போனாள். அதற்குள் எங்கள் மூன்று வயது நிலா உள்ளே போய்ச் சாவியைத் திருப்பிவிட்டாள்.

"சாவிய அந்தப் பக்கம் திருப்பும்மா."

"இட்ஸ் ஸ்டக், அப்பா."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். திடீரென்று தண்ணீரில் தொப்பென்று சத்தம். பிறகு அவள் குரலே இல்லை.

"கதவ ஒடைங்க," என்றாள் மனைவி.

ஆனால் என் வாயில் வந்தது இதுதான்: "இரு, ஸ்க்ரூட்ரைவர் எடுத்துட்டு வரேன். பூட்டு வீணாயிடும்."

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். என் அலமாரியிலிருந்த கனமான இரும்புத் தாழ்ப்பாளை எடுத்து வந்து, கதவு பிளக்கும்வரை அந்தப் பூட்டின் மேலேயே அடித்தாள்.

நிலா தொட்டிக்குள் கழுத்தளவு தண்ணீரில், குழாயைப் பிடித்தபடி, அழக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தாள்.

பூட்டு இருந்த இடத்தில் இப்போது ஓட்டைதான். உள்ளே போகும்போதெல்லாம் நிலா அதன் வழியாக, "ஆர் யூ தேர், அப்பா?" என்று கேட்கிறாள்.

"இங்கதாம்மா இருக்கேன்," என்கிறேன். அன்று அரை நிமிஷம் நான் அங்கே இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. அவள் அம்மாவுக்குத் தெரியும்.